நாடா இன்னும் சுற்றுகிறது

வானொலியில் நாங்கள் கைவிட்ட காந்த நாடாவைக் கணினி உலகம் விடவில்லை. 2011 பிப்ரவரியில் மென்பொருள் கோளாறு ஒன்றால் சுமார் 0.02 விழுக்காட்டுப் பயனாளர்களின் ஜிமெயில் காணாமற்போனது. பல தரவு நிலையங்களில் இருந்த நகல்களும் கூடவே போயின. கூகல் மீட்டது நாடாவிலிருந்துதான்! இணைப்பில்லாமல் இருந்ததால் கோளாறு அதைத் தொடவில்லை.

நாடா நூலகத்தில் இயந்திரக் கை பட்டைக்குறியீட்டைப் படித்து, வேண்டிய நாடாவை எடுத்துச் செருகும். பார்க்க அழகு. ஆனால் தீ பிடித்தால் நூலகமும் போய்விடுமே. 2024 செப்டம்பரில் லோயாங் தரவு நிலையத்தில் மின்கலங்கள் தீப்பற்றின. அதனால்தான் ஒரு தொகுதி நாடாக்களை வேறிடத்துக்குக் கொண்டுபோய்ப் பூட்டிவைக்கிறார்கள்.

நான் இருப்பது சுவா சூ காங். குடும்பப் படங்களின் நகல் வன்தட்டு தெம்பனிசில், அக்கா வீட்டு அலமாரியில். தீபாவளிக்குப் போகும்போது புதியவற்றை ஏற்றி, பழையவை திறக்கின்றனவா என்றும் பார்த்துவிடுவேன்.