பதக்க மேடைக்கு முன் சாய்தளம் வேண்டும்

2025 மார்ச்சில் இத்தாலியின் துரின் நகரில் நடந்த, அறிவுசார் குறைபாடுடையோருக்கான சிறப்பு ஒலிம்பிக் உலகக் குளிர்காலப் போட்டியில் இந்திய அணி 33 பதக்கங்களை வென்றது. அதே ஆண்டு புதுதில்லியில், இந்தியாவில் முதன்முறையாக நடைபெற்ற உலக பாரா தடகளப் போட்டியில் 22 பதக்கங்கள் கிடைத்தன. இந்த வீரர், வீராங்கனைகள் பாராட்டுக்குரியவர்கள். அடுத்து மாற்றுத்திறனாளிகளுக்கான குளிர்காலப் போட்டியையும் இந்தியாவே நடத்தட்டும் என்ற ஆசை எழுவது இயல்பே.

நடத்தலாம். ஆனால், போட்டி முடிந்த பின் யாருக்கு என்ன மிஞ்சும் என்பதே கேள்வி. 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளுக்காக டேராடூனில் கட்டப்பட்ட பனிச்சறுக்கு அரங்கம், போட்டி முடிந்தபின் பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பூட்டிக் கிடந்தது. 2025இல்தான் அது மீண்டும் உயிர்பெற்றது. விழாவுக்காகக் கட்டுவதும், விழா முடிந்ததும் பூட்டுவதும் விளையாட்டு வளர்ச்சி ஆகாது.

மைசூரில் பனி விழுவதில்லை. ஆனால், சிறப்பு ஒலிம்பிக்கின் குளிர்காலப் பட்டியலில் உள்ள ஃப்ளோர்பாலுக்குப் பனி தேவையில்லை. சமதளத் தரையுள்ள ஓர் உள்ளரங்கு போதும். காது கேளாதோருக்கான குளிர்கால ஒலிம்பிக் 1949 முதல் நடந்து வருகிறது. அதே மைசூரில்தான், 1965இல் தொடங்கப்பட்ட அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் இயங்குகிறது. அரசு முன்வந்தால் என்ன சாதிக்க முடியும் என்பதற்கு அது சான்று. ஆனால், அங்கே செவித்திறன் குறைபாடு கண்டறியப்பட்டு, பயிற்சி பெற்றுத் திரும்பும் குழந்தைக்குத் தன் ஊரில் மைதானம் உண்டா? சைகை மொழி அறிந்த பயிற்சியாளர் உண்டா?

சட்டம் இல்லாமல் இல்லை. மாற்றுத்திறனாளிகள் விளையாட்டில் பங்கேற்பதை உறுதி செய்யும் கடமையை 2016ஆம் ஆண்டு உரிமைகள் சட்டத்தின் 30ஆம் பிரிவு அரசின் மீது சுமத்துகிறது. 45ஆம் பிரிவின்படி, பொதுக் கட்டடங்கள் அனைத்தும் விதிகள் வெளியான ஐந்தாண்டுகளுக்குள் அணுகத்தக்கவையாக மாற்றப்பட்டிருக்க வேண்டும். விதிகள் 2017இல் வெளிவந்தன. கெடு 2022இலேயே முடிந்துவிட்டது. அணுகல் தரநிலைகளைக் கட்டாயமாக்குமாறு 2024 நவம்பரில் உச்சநீதிமன்றமே ஒன்றிய அரசுக்கு உத்தரவிட வேண்டியதாயிற்று.

மோடி அரசோ மாற்றுத்திறனாளிகளுக்குத் 'திவ்யாங்' எனத் தெய்வீகப் பட்டம் சூட்டியது. ஆனால் கடும் ஊனமுற்ற ஏழைக்கு, தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் ஒன்றிய அரசு தரும் பங்கு மாதம் 300 ரூபாய்தான்! 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது சக்கர நாற்காலிக்கும் 5 விழுக்காடு வரி விதித்த அரசு இது.

2030 காமன்வெல்த் போட்டி அகமதாபாத்தில் நடக்கவிருக்கிறது. 2036 ஒலிம்பிக்கிற்கும் ஒன்றிய அரசு முயல்கிறது. கோடிகள் கொட்டப்படும், ஒப்பந்ததாரர்கள் கொழிப்பார்கள். அந்தக் கணக்கில் மாவட்ட மைதானங்களின் சாய்தளமும், தாழ்தளப் பேருந்தும், வாழத்தக்க ஓய்வூதியமும், 4 விழுக்காடு வேலை இடஒதுக்கீட்டின் முழுமையான அமலாக்கமும் இடம்பெற வேண்டும். கருணையாக அல்ல, உரிமையாக! இக்கோரிக்கைகளை மாற்றுத்திறனாளிகள் தனித்து நின்று எழுப்ப விடாமல், தொழிற்சங்க, வாலிபர், மாதர் இயக்கங்கள் அனைத்தும் தமதாக்கிக் கொள்ள வேண்டும்.