ஒரு கொள்ளுத்தாத்தாவின் விலை 12.50 பவுண்டு: பிரிட்டனில் குடும்ப வரலாறு தேடுவது காஸ்ட்லி ஆனது ஏன்?

ஒரு பழைய பிறப்புச் சான்றிதழின் நகல் வாங்க எவ்வளவு செலவாகும்? இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2019 தொடக்கம் வரை இதற்கான பதில் 9.25 பவுண்டு. அந்த ஆண்டு பிப்ரவரியில் அது 11 பவுண்டு ஆனது. 2024 ஏப்ரலில் 12.50 பவுண்டு ஆனது. ஒரு பவுண்டை 110 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரே ஒரு தாளுக்கு 1,375 ரூபாய். அவசரமாக வேண்டும் என்றால் அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல்.

பாஸ்போர்ட்டுக்காக ஒரே ஒரு நகல் வாங்குபவருக்கு இது பெரிய விஷயமில்லை. ஆனால் தாத்தா, பாட்டி, பூட்டன், பூட்டி என்று குடும்ப வரலாறு தேடிப் போகிறவர்களுக்கு ஒன்று போதாது, டஜன் கணக்கில் வேண்டும். அவர்களுக்குத்தான் கையைக் கடிக்கிறது.

ஆனால் கட்டணம் ஏறியது மட்டும்தான் சிக்கலா? கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தால் கதை வேறு.

ஏன் இத்தனை சான்றிதழ்கள் தேவை?

இங்கிலாந்து, வேல்ஸில் பிறப்பு, இறப்பு, திருமணத்தை அரசே பதிவு செய்யும் முறை 1837 ஜூலை 1-ல் தொடங்கியது. இந்தப் பதிவேடுகளுக்குப் பொறுப்பு, ஜி.ஆர்.ஓ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் பொதுப் பதிவாளர் அலுவலகம்.

ஒரு சான்றிதழ் அடுத்த சான்றிதழுக்கு வழி காட்டும். பிறப்புச் சான்றிதழில் தாயின் திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர் இருக்கும். அதை வைத்து பெற்றோரின் திருமணத்தைத் தேடலாம். திருமணச் சான்றிதழில் மணமக்களின் தந்தை பெயரும் தொழிலும் இருக்கும். அதை வைத்து முந்தைய தலைமுறைக்குப் போகலாம். இறப்புச் சான்றிதழில் வயது, தொழில், இறப்புக்கான காரணம் எல்லாம் கிடைக்கும். நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போனால், அதற்கு மேலே கட்டும் வம்ச மரம் முழுக்க வேறு யாரோ ஒருவரின் குடும்பமாக இருக்கலாம்.

ஜான் ஸ்மித், மேரி ஜோன்ஸ் மாதிரிப் பெயர்கள் என்றால் இன்னும் கஷ்டம். ஒரே ஊரில், ஒரே ஆண்டில் மூன்று ஜான் ஸ்மித்கள் பிறந்திருப்பார்கள். சரியான ஆளைக் கண்டுபிடிக்க மூன்றையும் வாங்கிப் பார்க்க வேண்டிவரும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒருவர் நான்கு தலைமுறை மேலே போகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெற்றோர் 2 பேர், தாத்தா பாட்டிகள் 4, அவர்களின் பெற்றோர் 8, அதற்கும் மேலே 16. மொத்தம் 30 பேர். ஒவ்வொருவருக்கும் பிறப்பு, இறப்பு என 60 சான்றிதழ்கள். 15 திருமணங்கள். ஆக 75.

பழைய 9.25 பவுண்டு கட்டணத்தில் இதற்கு 693.75 பவுண்டு ஆகும். இப்போதைய 12.50-ல் 937.50 பவுண்டு. நம் ரூபாயில் ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். இதில் தவறாக வாங்கிய ஜான் ஸ்மித்கள் கணக்கில் இல்லை.

அப்படியென்றால் அரசு கொள்ளை அடிக்கிறதா?

நேர்மையாகப் பார்த்தால், அப்படிச் சொல்லிவிட முடியாது. 9.25 பவுண்டு கட்டணம் 2010-ல் வந்தது. ஒன்பது ஆண்டுகள் அதில் கை வைக்கவே இல்லை. 2010 முதல் 2024 வரையிலான மொத்த உயர்வு சுமார் 35 சதவீதம். அதே காலத்தில் பிரிட்டனின் பொது விலைவாசி இதைவிட அதிகமாகவே ஏறியிருக்கிறது.

இந்தக் கட்டணம் சேவைக்கான செலவை ஈடுகட்டவே என்பதுதான் அரசின் நிலைப்பாடு. பதிவைத் தேடி எடுக்க வேண்டும், சரிபார்க்க வேண்டும், பாதுகாப்புத் தாளில் அச்சிட வேண்டும், தபாலில் அனுப்ப வேண்டும். இதற்கெல்லாம் ஆள் வேண்டும்தானே?

சரி. ஆனால் 1862-ல் இறந்த ஒரு நெசவாளியின் பதிவைப் படித்துப் பார்க்க மட்டும் விரும்புகிறவருக்கு, பாதுகாப்புத் தாளும் முத்திரையும் எதற்கு? இங்கேதான் அசல் சிக்கல் ஆரம்பிக்கிறது.

படிப்பதற்கும் நிரூபிப்பதற்கும் ஒரே விலை

பல ஆண்டுகளாக இங்கிலாந்தின் சட்டம் ஒரே ஒரு வழியைத்தான் திறந்து வைத்திருந்தது. பெயர் அட்டவணையை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் பதிவேட்டில் இருக்கும் விவரம் வேண்டும் என்றால், சான்றளிக்கப்பட்ட நகல் வாங்கித்தான் ஆக வேண்டும். நீதிமன்றத்தில் காட்டப் போகிறவரும், சும்மா தெரிந்துகொள்ள விரும்புகிறவரும் கவுன்ட்டரில் ஒரே விலை கொடுத்தார்கள்.

2015-ல் வந்த ஒரு சட்டத் திருத்தம், சான்றிதழ் அல்லாத வடிவத்திலும் விவரம் தரலாம் என்று கதவைத் திறந்தது. 2016-ல் ஜி.ஆர்.ஓ. பிடிஎஃப் நகலைச் சோதனை முறையில் 6 பவுண்டுக்குத் தந்தது. 2019-ல் அது 7, 2024-ல் 8 பவுண்டு. 2023-ல் இன்னும் எளிய வழி வந்தது. பதிவின் டிஜிட்டல் படத்தைத் திரையிலேயே பார்க்கும் வசதி. தொடக்கத்தில் 2.50 பவுண்டு, 2024 முதல் 3 பவுண்டு.

இவை சட்டப்படி ஆதாரம் ஆகாது. ஆனால் ஆராய்ச்சிக்குத் தாராளமாகப் போதும். ஆக, காகிதச் சான்றிதழின் விலை ஏறிய அதே காலத்தில், படிப்பதற்கான விலை சுமார் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறது. இது நல்ல செய்திதான். ஆனால் எல்லாப் பதிவுகளுக்கும் கிடைக்குமா என்றால், இல்லை.

பாதியில் நின்ற ஸ்கேனிங்

3 பவுண்டு படம், 100 ஆண்டுகளைக் கடந்த பிறப்புகளுக்கும், 1837 முதல் 1887 வரையிலான இறப்புகளுக்கும் மட்டும்தான். 8 பவுண்டு பிடிஎஃப் என்றால் இறப்புகள் 1957 வரை கிடைக்கும். திருமணப் பதிவுகளுக்கு இரண்டுமே கிடையாது. 1840-ல் நடந்த கல்யாணமாக இருந்தாலும் முழுசாக 12.50 பவுண்டு கொடுத்துக் காகிதம்தான் வாங்க வேண்டும்.

1957 என்ன கணக்கு என்று கேட்கலாம். பதிவேடுகள் அனைத்தையும் ஸ்கேன் செய்யும் பெரிய திட்டம் ஒன்று 2005-ல் தொடங்கியது. 2008-ல் பாதியில் நின்றுபோனது. அதற்குள் 1934 வரையிலான பிறப்புகளும், 1957 வரையிலான இறப்புகளும் முடிந்திருந்தன. திருமணங்களைத் தொடவே இல்லை. அன்று எங்கே வேலை நின்றதோ, இன்று அங்கேயே மலிவு விலையும் நிற்கிறது.

பக்கத்து வீட்டில் எப்படி?

ஸ்காட்லாந்துக்குத் தனிப் பதிவு அமைப்பு, தனிச் சட்டம். அங்கே 100 ஆண்டுகளைத் தாண்டிய பிறப்பு, 75 ஆண்டுகளைத் தாண்டிய திருமணம், 50 ஆண்டுகளைத் தாண்டிய இறப்பு ஆகியவற்றின் படத்தை அரசு இணையதளத்திலேயே பார்க்கலாம். ஒரு படத்துக்குச் சுமார் ஒன்றரை பவுண்டு.

அயர்லாந்துக் குடியரசு இன்னும் ஒரு படி மேலே. அதே 100, 75, 50 கணக்குதான். ஆனால் கட்டணம் பூஜ்யம். ஆன்லைனில் யார் வேண்டுமானாலும் எந்த நாட்டில் இருந்தும் பார்க்கலாம்.

பழைய பதிவைக் காட்டுவது வியாபாரமா, பொதுச் சேவையா என்ற கேள்விக்கு அருகருகே உள்ள மூன்று நாடுகள் மூன்று பதில் சொல்கின்றன.

விலையால் காணாமல் போகிறவர்கள்

சரி, இது ஒரு பொழுதுபோக்குதானே, காசு இருக்கிறவர்கள் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிடலாமா?

பணக்காரக் குடும்பத்துக்கு உயில், சொத்துப் பத்திரம், கடிதங்கள், ஓவியங்கள் என எத்தனையோ தடயங்கள் இருக்கும். மில் தொழிலாளிக்கும் வீட்டு வேலை செய்த பெண்ணுக்கும் அப்படி எதுவும் இருக்காது. அரசுப் பதிவேட்டில் இருக்கும் இரண்டு, மூன்று வரிகள்தான் அவர்கள் வாழ்ந்ததற்கான முக்கியத் தடயம்.

இன்னொன்றும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பிறந்த குழந்தைகளில் ஆயிரத்துக்குச் சுமார் 150 பேர் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்போ பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறைதான். 1852-ல் பிறந்து 1855-ல் இறந்த குழந்தை எந்தக் கணக்கெடுப்பிலும் வராது. அந்தக் குழந்தை எப்படி இறந்தது என்பது இறப்புப் பதிவில்தான் இருக்கும்.

ஒவ்வொரு பக்கத்துக்கும் காசு என்று வரும்போது, தேடுபவர் எதைத் தவிர்ப்பார்? நேரடி வம்ச வரிசையை மட்டும் வாங்குவார். சின்ன வயதில் இறந்த குழந்தை, கல்யாணம் ஆகாத அத்தை, ஊரைவிட்டுப் போன சித்தப்பா எல்லாரும் 'அப்புறம் பார்க்கலாம்' பட்டியலுக்குப் போய்விடுவார்கள். யாரை நினைவில் வைத்திருக்கிறோம் என்பதை பட்ஜெட் முடிவு செய்கிறது.

அமெரிக்காவில் நடந்தது என்ன?

கட்டணம் ஏறினால் ஏறியதுதானா? அமெரிக்க அனுபவம் வேறு மாதிரி. அங்கே குடியேற்றத் துறையிடம் முன்னோர்களின் பழைய குடியேற்ற, குடியுரிமைக் கோப்புகள் உள்ளன. தேடுவதற்கு 65 டாலர், கோப்பின் நகலுக்கு 65 டாலர் என இருந்த கட்டணத்தை, முறையே 240, 385 டாலராக உயர்த்த 2019 நவம்பரில் முன்மொழிந்தார்கள். பெரிய எதிர்ப்பு கிளம்பியது. 2020-ல் கொஞ்சம் குறைத்து இறுதி அறிவிப்பு வெளியானது. அமலுக்கு வரும் முன்பே நீதிமன்றம் தடை போட்டது. 2024 ஏப்ரலில் வந்த புதிய கட்டணத்தில், ஆன்லைனில் விண்ணப்பித்தால் ஒவ்வொன்றுக்கும் 30 டாலர்தான். 2019-ல் இருந்ததைவிடவும் குறைவு.

2022-ல் நியூயார்க் நகர ஆவணக் காப்பகம் லட்சக்கணக்கான பழைய பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகளை இலவசமாகவே இணையத்தில் ஏற்றியது. அதாவது, கட்டணம் என்பது கொள்கை முடிவு. மாற்றினால் மாறும்.

நம் ஊரில் இது யாருக்குத் தேவை?

தாத்தாவோ பாட்டியோ பிரிட்டனில் பிறந்தவர் என்றால், காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் 'ஆன்செஸ்ட்ரி விசா'வுக்கு விண்ணப்பிக்கலாம். இந்தியாவும் காமன்வெல்த் நாடுதான். சென்னையில் வாழும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் சிலருக்கு இது பொருந்தலாம். அதற்கு பிடிஎஃப் செல்லாது. தாத்தா அல்லது பாட்டியின் முழுப் பிறப்புச் சான்றிதழில் தொடங்கி, உறவை நிரூபிக்கும் பிறப்பு, திருமணச் சான்றிதழ்கள் எல்லாம் வேண்டும்.

தமிழ்நாட்டுப் பதிவுகளைத் தேடுகிறவர்களுக்குத் தலைவலி வேறு. 1969-ஆம் ஆண்டு பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி யார் வேண்டுமானாலும் பதிவேட்டில் தேடச் சொல்லி விவரம் கேட்கலாம், இறப்புக்கான காரணம் மட்டும் வெளியே சொல்லப்படாது. சென்னை மாநகராட்சி இணையதளத்தில் சான்றிதழ்களைக் கட்டணம் இல்லாமலே டவுன்லோடு செய்யலாம். ஆனால் பழைய பதிவுகளில் பலவற்றில் குழந்தையின் பெயரே இருக்காது, 'ஆண்' அல்லது 'பெண்' என்று மட்டும் இருக்கும். ஊரும் ஆண்டும் தெரியாவிட்டால் எந்தப் பதிவேட்டைப் புரட்டுவது என்றே தெரியாது. அங்கே பெயர் அட்டவணை இருக்கிறது, காசுதான் தடை. இங்கே காசு பெரிய தடை இல்லை, அட்டவணைதான் தடை.

தேடுகிறவர்கள் செலவைக் குறைப்பது எப்படி?

* முதலில் இலவச அட்டவணைகளைப் பாருங்கள். 1998-ல் தன்னார்வலர்கள் தொடங்கிய ஃப்ரீபிஎம்டி தளத்துக்குக் கட்டணம் இல்லை.
* ஜி.ஆர்.ஓ.வின் ஆன்லைன் அட்டவணையில் 1837 முதலே தாயின் குடும்பப் பெயரும், இறந்தவரின் வயதும் உண்டு. பழைய அச்சு அட்டவணையில் முதலாவது 1911-க்குப் பிறகும், இரண்டாவது 1866-க்குப் பிறகும்தான் வரும். இதை வைத்தே பாதி ஜான் ஸ்மித்களைக் கழித்துவிடலாம்.
* படம் கிடைக்கும் ஆண்டா என்று செக் பண்ணாமல் காகிதம் ஆர்டர் செய்யாதீர்கள்.
* தேவாலயத்தில் நடந்த திருமணம் என்றால், அதே விவரம் தேவாலயப் பதிவேட்டிலும் இருக்கும். பழைய ஏடுகள் பல, மாவட்ட ஆவணக் காப்பகங்களில் உள்ளன.
* விசா, சொத்து, நீதிமன்றம் என்றால் மட்டும் சான்றளிக்கப்பட்ட நகல் வாங்குங்கள்.

அடுத்த முறை ஜி.ஆர்.ஓ. கட்டணப் பட்டியலை மாற்றும்போது தலைப்புச் செய்தி, 12.50 எவ்வளவு ஆனது என்பதாகத்தான் இருக்கும். அதைவிட முக்கியமாகக் கவனிக்க வேண்டியது வேறு: 3 பவுண்டு வரிசையில் 1887-க்குப் பிறகான இறப்புகள் சேர்ந்தனவா, திருமணப் பதிவுகள் இடம்பிடித்தனவா? சாதாரணக் குடும்பங்களின் கதை எவ்வளவு தூரம் திறக்கும் என்பதை அந்தப் பட்டியல்தான் சொல்லும்.