பெயரைச் சொல்லிவிட்டுப் பாட்டைப் போடுங்கள்

சுங்கை வேயில் ஒரு சனிக்கிழமை இரவு. கூட்டரசு நெடுஞ்சாலையின் இரைச்சல் காதில் விழும் தூரத்தில் ஓர் ஒட்டுக்கடை. பக்கத்து மேசையில் வேலை முடித்து வந்த நாலு பையன்கள். ஒருவனுடைய கைப்பேசியில் யோகி பி, நட்சத்திரா ராப் குழுவின் ‘மடை திறந்து’ ஓடிக்கொண்டிருந்தது. எதிரே தே தாரிக் குடித்துக்கொண்டிருந்த பெரியவருக்குப் பொறுக்கவில்லை. “தம்பி, இது இளையராஜா பாட்டு. இவனுங்க எடுத்துக் கெடுத்துட்டானுங்க” என்றார். பையன் மரியாதையாகத்தான் பதில் சொன்னான்: “பாட்டு நல்லா இருக்கு அங்கிள், கேக்குறோம். ஹிஸ்டரி எல்லாம் எதுக்கு?” மற்ற மூவரும் தலையாட்டினார்கள்.

இந்தக் கேள்வியைப் பையன்களிடமிருந்து மட்டும் நான் கேட்கவில்லை. படித்தவர்களிடமிருந்தும் கேட்டிருக்கிறேன். மேடை ஏறிப் பாடுகிறவர்களிடமிருந்தே கேட்டிருக்கிறேன். பாட்டை ரசிக்கக் காது போதும், வரலாறு வாத்தியார்களுக்கு என்பது நம்மிடையே ஊறிப்போன நம்பிக்கை. அது தவறு. மலேசியத் தமிழருக்கோ அது நட்டமும்கூட.

அன்று ஓடிய பாட்டையே எடுத்துக்கொள்வோம். அதன் மூலம் 1980இல் பாரதிராஜா இயக்கி வெளிவந்த ‘நிழல்கள்’. வாலி எழுதி, எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடியது. இசையில் வாய்ப்புத் தேடி அலையும் ஓர் இளைஞன், தனக்கு வழி பிறந்துவிட்டது என்ற பூரிப்பில் பாடுகிற பாட்டு அது. இருபத்தாறு ஆண்டுகள் கழித்து, 2006இல், யோகி பி குழுவின் மலேசிய இளைஞர்கள் ‘வல்லவன்’ ஆல்பத்தில் அதைக் கையில் எடுத்தார்கள். அன்று இந்த நாட்டில் தமிழ்ப் பாட்டு என்றால் சென்னையிலிருந்து வருவதுதான். இங்கே பிறந்ததற்கு ‘லோக்கல் பாட்டு’ என்று பெயர். அந்தச் சொல்லிலேயே ஒரு படி இறக்கம் இருந்தது. வாசலில் காத்து நின்ற அந்த இளைஞர்கள், வாசல் திறந்த ஒருவனின் பாட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். அடுத்த ஆண்டே ‘பொல்லாதவன்’ படத்தில் யோகி பியின் குரல் ஒலித்தது. திறக்காத கதவு திறந்தது.

இதையெல்லாம் எண்ணித்தான் அவர்கள் அந்தப் பாட்டை எடுத்தார்களா என்பது வேறு விஷயம். தெரிந்து கேட்கிறவனுக்கு இரண்டு இளைஞர்களின் ஏக்கமும் ஒரே பாட்டில் சேர்ந்து கேட்கிறது. கைப்பேசிப் பையனுக்குத் தாளம் மட்டும் கேட்டது. பெரியவருக்குக் களவு மட்டும் கேட்டது. பாதிப் பாதிப் பாட்டைக் கேட்டுவிட்டு இருவரும் எழுந்து போனார்கள்.

ராப் இசையே பழைய இசைத்தட்டுகளிலிருந்து பிறந்த கலை. 1973 ஆகஸ்ட் 11ஆம் தேதி நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் நடந்த விருந்தில், ஜமைக்காவில் பிறந்த டிஜே கூல் ஹெர்க் பாட்டுப் போட்டார். ஆடுகிறவர்கள் எதற்குத் துள்ளுகிறார்கள் என்று கவனித்தவர் அவர். பாட்டின் நடுவே பாடகர் ஓய்ந்து மேளம் மட்டும் ஒலிக்கும் சில விநாடிகள்தான் அது. இரண்டு தட்டுச் சுழலிகளை வைத்து அந்தச் சில விநாடிகளை நீட்டிக்கொண்டே போவது அவருடைய உத்தி. முந்தைய தலைமுறையின் இசைத்தட்டுகளைத் துருவித் துருவிக் கேட்டவரால்தான் அது முடிந்தது. ராப் கேட்டுக்கொண்டே வரலாறு எதற்கு என்பது, அந்தக் கலை எதனால் ஆனதோ அதையே வேண்டாம் என்பது.

இன்னொரு குரலுக்கு வருகிறேன். 1977இல் ‘16 வயதினிலே’ படத்தில் கிராமத்து மண்வாசத்தோடு ஒலித்த குரல். 1980இல் ‘முரட்டுக் காளை’யில் ரஜினிகாந்துக்கும், 1985இல் ‘முதல் மரியாதை’யில் சிவாஜி கணேசனுக்கும் பொருந்திய குரல். அது 1944இல் நம் கிள்ளானில், ஒரு மலையாளக் குடும்பத்தில் பிறந்த மலேசியா வாசுதேவனின் குரல். கிள்ளானிலேயே வளர்ந்த இளைஞர்களிடம் நான் கேட்டுப் பார்த்தேன். பாட்டு தெரிகிறது. பாடியவர் தங்கள் ஊர்க்காரர் என்பது தெரியவில்லை. நாடே பெயரோடு ஒட்டியிருந்தும் தெரியவில்லை. தமிழ் சினிமா கிராமத்தை நோக்கிக் கேமராவைத் திருப்பிய காலத்தில், அந்தக் கிராமத்தைப் பாடியது கிள்ளான் தொண்டை. இது தெரிந்தபின் ‘முதல் மரியாதை’ப் பாடலைக் கேளுங்கள். அந்த ஏக்கம் தமிழ்நாட்டு ஆற்றங்கரையில் மட்டும் நிற்காது. நம் வீட்டு வாசல்வரை வரும்.

பினாங்கில் பிறந்த லோகநாதன், டேவிட் ஆறுமுகம் சகோதரர்கள் அலிகேட்ஸ் குழுவாக மலாய்ப் பாடல்கள் பாடி நாட்டையே கவர்ந்தார்கள். இதுவும் நம் வீட்டுக் கதைதான். இவை தெரியாமல் வளரும் பிள்ளை, நமக்கென்று இங்கே ஒன்றுமில்லை என்று நம்பி வளர்கிறது. நான் நட்டம் என்று சொன்னது இதைத்தான்.

“எங்கள் பாட்டி எந்த வரலாறு படித்துவிட்டு அழுதாள்?” என்று கேட்பவர்கள் உண்டு. வலுவான கேள்வி. என் அம்மாவை வைத்தே பதில் சொல்கிறேன். கித்தா தோட்டத்து லயத்தில் பிறந்து, 1980களில் சுங்கை வே தடையற்ற வர்த்தக வட்டாரத்தில் மின்னணுச் சாமான் செய்யும் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்தவர். இசைபற்றி ஒரு புத்தகமும் படித்ததில்லை. ஆனால் ஒரு பாட்டு தொடங்கினால் போதும். என்ன படம், யார் பாடியது, யார் இசை, கண்ணதாசனா வாலியா என்று மாவு பிசைந்துகொண்டே சொல்வார். கற்றுக்கொடுத்தது வானொலி. இன்றைய மின்னல் எஃப்எம் அன்று எங்களுக்கு ரேடியோ 6. படத்தின் பெயர், பாடியவர், இயற்றியவர், இசையமைத்தவர் என்று வரிசையாகச் சொல்லிவிட்டுத்தான் அறிவிப்பாளர் பாட்டை ஒலிபரப்புவார். பத்து விநாடிதான் ஆகும். அந்தப் பத்துப் பத்து விநாடிகளில் ஒரு பாட்டாளித் தலைமுறையே இசை வரலாறு படித்துவிட்டது. சோறு வடிக்கும்போதும் துணி மடிக்கும்போதும் காதில் விழுந்த அறிவு என்பதால் அதை யாரும் வரலாறு என்று அழைக்கவில்லை. அவ்வளவுதான்.

ஆகவே நம் பாட்டிகள் வரலாறு இல்லாமல் அழவில்லை. அதை இழந்த முதல் தலைமுறை இப்போதுதான் வளர்கிறது. இன்று கைப்பேசித் திரையில் ஒரு படமும் தலைப்பும் வருகின்றன. பாட்டை எழுதியவர் பெயர் பெரும்பாலும் முகப்பில் இருப்பதில்லை. பாட்டு முடியுமுன் அடுத்தது வந்து நிற்கிறது. இது பிள்ளைகளின் குற்றமல்ல.

பெரியவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வரலாற்றைப் பிரம்பாக்கியவர்கள் நாம். “உனக்கென்ன தெரியும்” என்று அதட்டவும், எங்கள் காலம்போல் வராது என்று மட்டம்தட்டவும் அதைப் பயன்படுத்தினோம். அன்று ஒட்டுக்கடையில் அந்தப் பெரியவர், “தம்பி, இந்தப் பாட்டுக்கு ஒரு கதை இருக்கு” என்று தொடங்கியிருந்தால் அந்த நாலு பேரும் நாற்காலியைத் திருப்பிப் போட்டிருப்பார்கள். பாட்டு கேட்க வருகிறவனிடம் யாரும் தேர்வு வைக்க வேண்டியதில்லை. கதை தெரிந்தவர் அதைச் சொல்லாமல் வைத்துக்கொள்வதுதான் பிழை.

வானொலி அறிவிப்பாளர்களே, திருமண மண்டபங்களில் பாட்டுப் போடும் டிஜே தம்பிகளே, பள்ளிக்குப் பிள்ளையைக் காரில் கொண்டுவிடும் அப்பா அம்மாக்களே, பாட்டைப் போடுவதற்கு முன் ஒரு பெயரைச் சொல்லுங்கள். எழுதியவர் பெயர், பாடியவர் பெயர், அவர் பிறந்த ஊர், எது நினைவில் இருக்கிறதோ அது. “இதைப் பாடியவர் நம்ம கிள்ளான்காரர்” என்று சொல்ல ஐந்து விநாடிகூட ஆகாது.