ஒரு கதை, இரண்டு பாலங்கள்

படம் பார்த்துவிட்டு வருகிறவரிடம் நாம் கேட்கும் முதல் கேள்வி, "கதை என்ன?" அடுத்தது, "பாட்டு எப்படி?" ஒளிப்பதிவைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கேட்டாலும், "பளிச்சென்று எடுத்திருக்கிறார்கள்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். படப்பிடிப்பும் இசையும் கதைக்குப் பூசிய மேல்பூச்சு என்றே நினைத்துப் பழகிவிட்டோம். உண்மையில், யாரிடம் இரக்கப்படுவது, யாரை மறந்துவிடுவது என்பதை நமக்காக முடிவு செய்வதே அவை இரண்டும்தான் என்பது என் தாழ்மையான கருத்து.

இதைச் சோதித்துப் பார்க்கக் கொல்கத்தாத் தமிழர்களான நமக்கு ஒரு நல்ல வாய்ப்பு உண்டு. 2004-ஆம் ஆண்டு மே மாதம் மணிரத்னம் ஒரே கதையை இரண்டு மொழிகளில் தந்தார். சென்னையில் நடப்பது 'ஆய்த எழுத்து'. நம் கொல்கத்தாவில் நடப்பது இந்தி 'யுவா'. நடிகர்களில் பெரும்பாலோர் வேறு வேறு. ஆனால் இரண்டுக்கும் ஒளிப்பதிவு ரவி கே. சந்திரன், இசை ஏ.ஆர். ரகுமான். நம்மில் பல வீடுகளில் பெற்றோர் தமிழையும், பிள்ளைகள் இந்தியையும் பார்த்திருக்கக்கூடும்.

கதை சிறியது. மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடக்கும் மாணவர் தலைவன் மைக்கேலை அடியாள் இன்பா சுடுகிறான். வெளிநாட்டுக் கனவோடு திரியும் அர்ஜுன் அதை நேரில் காண்கிறான். இந்த ஒரு நிகழ்ச்சியை நோக்கி மூன்று இளைஞர்களின் வாழ்க்கை தனித்தனியே வந்து சேர்கிறது. ஆய்த எழுத்தின் மூன்று புள்ளிகள் அவர்கள்தான். இந்தித் தலைப்பில் அந்த நயம் கிடைக்கவில்லை.

மூவருக்கும் மூன்று நிறங்கள் தரப்பட்டன. இன்பாவுக்குச் சிவப்பு, மைக்கேலுக்குப் பச்சை, அர்ஜுனுக்கு நீலம். யாரும் வசனத்தில் சொல்லாத இந்தச் செய்தி கண்வழியே உள்ளே போய்விடுகிறது.

இப்போது வரிசையைக் கவனியுங்கள். முதலில் நமக்குக் காட்டப்படுவது சுட்டவனின் வீடு. இன்பா மனைவி சசியை அடிக்கிறான். அவள் அழுகிறாள், ஆனாலும் அவனை நேசிக்கிறாள். அந்தத் தம்பதிக்கு ரகுமான் தந்திருப்பது 'சண்டக்கோழி' என்ற மிக மென்மையான மெட்டு. பாட்டு முடியும்போது, அவன் கை ஓங்கியதை நாம் பாதி மறந்திருப்போம். தலைப்பே அடியை ஊடலாக்கிவிடுகிறது! மாணவர் எழுச்சிக்குக் கிடைத்தது 'ஜன கண மன' என்ற முழக்கம். ரத்தத்தைச் சூடேற்றும் பாட்டுத்தான். ஆனால் அதில் கேட்பது கூட்டத்தின் குரல், ஒரு மனிதனின் மனம் அல்ல.

விளைவு என்ன? இளைஞர்கள் அரசியலுக்கு வரவேண்டும் என்பது படத்தின் பேச்சு. நெஞ்சில் தங்குவதோ இன்பாவும் சசியும். 2005-இல் 'யுவா'வுக்காகச் சிறந்த துணை நடிகர், துணை நடிகை ஃபிலிம்ஃபேர் விருதுகள் அபிஷேக் பச்சனுக்கும் ராணி முகர்ஜிக்கும் கிடைத்தன. இந்தியில் அந்த அடியாளும் அவன் மனைவியும் அவர்கள்தான். இயக்குநர் அடியாளை நியாயப்படுத்தவில்லை. அவன் சிறைக்குத்தான் போகிறான். நடிப்பின் பங்கையும் நான் மறுக்கவில்லை. ஆனால் தீர்ப்பைக் கதை எழுதுகிறது. அனுதாபத்தை இசை வழங்கிவிடுகிறது.

அடுத்து, பாலம். தமிழில் அது நேப்பியர் பாலம். கூவம் கடலில் கலக்கும் இடத்தருகே, தாழ்வான வில் வளைவுகளோடு நிற்பது. கடற்கரைக்குப் போகும் எவரும் தினம் கடப்பது. அங்கே விழும் குண்டு நம் தெருவில் விழுந்தது போலிருக்கிறது. இந்தியில் அது 1992-இல் திறக்கப்பட்ட வித்யாசாகர் சேது. வானளாவிய கம்பிவடங்களும், கீழே வெகு தூரத்தில் ஹூக்ளியும். அங்கே மனிதன் சிறுத்துப்போகிறான். அதே சண்டை, யாருமற்ற பெருநகரத்தின் சண்டையாகிறது. வசனம் மாறியதால் மட்டும் வந்த வேறுபாடு அல்ல இது. காமிரா நின்ற இடம் தந்த வேறுபாடு.

இன்னொன்றும் நம்மை உறுத்தவேண்டும். தமிழ் இன்பா, இந்தியில் லல்லன் ஆகிறான்; பீகாரிலிருந்து கொல்கத்தாவுக்கு வந்தவன். அதாவது, சிவப்பு நிறம் இப்போது பிழைக்க வந்தவன் மேல் விழுகிறது. நாமும் இந்த ஊருக்குப் பிழைக்க வந்தவர்கள்தானே? இந்தி சினிமாவில் நம்மவரைக் கோமாளியாகக் காட்டும்போது கோபப்படுகிறோம். பீகார்க்காரரை அடியாளாகக் காட்டும்போது இசையில் மயங்கி உட்கார்ந்திருக்கிறோம். இது சரியா?

எனவே பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். படம் பார்க்காதே என்று பிள்ளைகளைத் தடுப்பதில் பயனில்லை. கூடவே உட்கார்ந்து பாருங்கள். முடிந்ததும் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எந்த இடத்தில் உனக்கு அவன்மேல் இரக்கம் வந்தது? அப்போது என்ன இசை கேட்டது? காமிரா யார் பக்கத்தில் நின்றது? முடிந்தால் ஒரு காட்சியை ஒலியை நிறுத்திவிட்டு மறுபடி பாருங்கள். இன்பா சசியை அடிக்கும் காட்சி அப்போது வேறு மாதிரி தெரியும்.

இதற்குத் தமிழ் எழுத்து தெரியவேண்டும் என்பதில்லை. நம் பிள்ளைகளில் பலருக்கு அது தெரியாது. ஆனால் கண்ணும் காதும் ஏமாறாமல் இருக்கக் கற்றுக்கொடுப்பதும் ஒரு எழுத்தறிவுதான். அதை நம் வீட்டுக் கூடத்திலேயே தொடங்கலாம்.