புதிய தலையெழுத்து

தேர்வில் தவறியவனையும் கடை நொடித்தவனையும் பார்த்து முன்பு 'அவன் தலையெழுத்து' என்றார்கள். இப்போது 'தன்னம்பிக்கை போதாது' என்கிறார்கள். தலையெழுத்தாவது பழியைப் பிரம்மன்மேல் போட்டது. புதிய தீர்ப்பு அதைத் தோற்றவன் கழுத்திலேயே கட்டிவிடுகிறது. முடியும் என்று நம்பினால் முடிந்துவிடும் என மேடைதோறும், வாட்ஸ்அப் காலை வணக்கம்தோறும் ஓதப்படும் இந்தக் கருத்தில் முன்னது பின்னதாகப் புரண்டு கிடக்கிறது. பெரும்பாலும் செய்து பார்த்துக் கை பழகிய பிறகுதான் நம்பிக்கை வருகிறது.

நம்பிக்கை நடத்தையை மாற்றும் என்பது உண்மைதான். 1977இல் அதைக் கோட்பாடாக வகுத்த உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா, அந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதையும் சேர்த்தே எழுதினார்: தானே செய்து கண்ட வெற்றிதான் வலுவான ஊற்று, பிறர் சொல்லும் ஊக்க வார்த்தை அதைவிட மெலிந்தது. பேச்சாளர்கள் முதல் பாதியோடு புத்தகத்தை மூடிவிட்டார்கள். அதற்குப் பத்தாண்டு முன்பு மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும் நாய்களை வைத்துச் செய்த சோதனை கொடூரமானது, ஆனாலும் மறக்க முடியாதது. என்ன செய்தும் நிறுத்த முடியாத மின்னதிர்ச்சி பட்ட நாய்களில் பல, பிறகு ஒரு சிறு தடுப்பைத் தாண்டினாலே தப்பிக்கலாம் என்ற நிலையிலும் படுத்தே கிடந்தன. கூப்பிட்டுப் பார்த்தார்கள், தடுப்பை எடுத்தார்கள், அந்தப் பக்கம் இறைச்சியைப் போட்டார்கள், அசையவில்லை. கயிற்றைக் கட்டித் திரும்பத் திரும்ப மறுபக்கம் இழுத்துச் சென்ற பிறகே தாமாகத் தாண்டின. 2016இல் அதே இருவரும் தங்கள் பழைய விளக்கத்தைத் திருத்திக்கொண்டார்கள். நீண்ட துன்பத்தில் முடங்கிப்போவது உயிரின் இயல்பு, கற்றுக்கொள்ள வேண்டியிருப்பது 'இது என் கைக்குள் இருக்கிறது' என்பதைத்தான் என்றார்கள். கைக்குள் எதுவுமே இல்லாதவனுக்கு அதை எந்தச் சொற்பொழிவு கற்றுத்தரும்?

வார்த்தைக்கும் பலன் உண்டு என்பவர்கள், அறிவு வளரக்கூடியது என்று மாணவர்களிடம் எடுத்துச்சொன்ன அமெரிக்க ஆய்வைக் காட்டுவார்கள். 2019இல் வெளியானது, சுமார் 12,000 மாணவர்கள், ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பயிற்சி. பின்தங்கிய மாணவர்களின் மதிப்பெண் சராசரி, 4 புள்ளி அளவையில் 0.1 உயர்ந்தது. செலவைப் பார்த்தால் லாபம்தான். ஆனால் கூட இருந்த மாணவர்களும் சவாலை விரும்பும் பள்ளிகளில்தான் அது நன்றாக வேரூன்றியது.

தொடங்குவதற்காவது துணிவு வேண்டாமா என்ற கேள்விக்குப் புதுக்கோட்டையிடம் பதில் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் கிராமத்துப் பெண்களைச் சைக்கிளில் ஏற்றியது. ஊக்கம் தரும் பாட்டும் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் பாட்டோடு பிடித்துவிடக் கைகளும் இருந்தன. அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் வங்கிகளை நெருக்கிச் சைக்கிள் வாங்கக் கடன் தரவைத்தார். கேலிக்குக் குறைவில்லை. லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டக் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடானபோது ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். குறுக்குக் கம்பி இருந்தால் பிள்ளையை உட்காரவைக்க வசதி என்று பிறகு அதையே கேட்டு வாங்கியவர்களும் உண்டு.