அறை வெப்பநிலை என்றால் எத்தனை டிகிரி?

1848இல் லூயி பஸ்தேர் பாரிஸில் சோடியம் அம்மோனியம் டார்ட்ரேட் படிகங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, வலக்கை, இடக்கை எனப் பிரித்த கதையை வகுப்புதோறும் சொல்கிறோம். அதே கரைசலைப் புதுச்சேரியில் மே மாதம் சன்னலோரம் ஆறவைத்தால் பிரித்தெடுக்க ஒன்றும் இராது. ஏறத்தாழ 27 டிகிரி செல்சியஸுக்குக் கீழேதான் இரண்டு கைகளும் தனித்தனிப் படிகங்களாக விழும், நான்கு நீர் மூலக்கூறுகளோடு. அதற்கு மேலே, இரண்டு கைகளும் ஒரே படிகத்துக்குள் அடங்கிய ஸ்காச்சி உப்புதான் வரும். அதில் நீர் ஒன்றே ஒன்று. இந்த எல்லையை ஆராய்ந்தவர்களில் வான்ட் ஹாஃபும் ஒருவர். பாரிஸின் குளிர் பஸ்தேருக்குத் துணை நின்றது. நம் ஊரில் அந்தக் கோட்டுக்கு மார்கழி விடியல் கீழே, கத்திரிப் பிற்பகல் வெகு மேலே.

அப்படியிருந்தும் நம் இதழுக்கு வரும் கட்டுரைகளில் ‘அறை வெப்பநிலையில் படிகமாக்கப்பட்டது’ என்ற ஒற்றை வரியே திரும்பத் திரும்ப நிற்கிறது. எந்த அறை? இரவில் மின்சாரம் போய் ஏசி நின்ற அறையா?

கரைசல் இல்லாமலும் கை மாறும். பைநாப்திலின் ரசிமிக் வடிவம் 145 டிகிரியில் உருகும். உருகவிடாமல் சூட்டில் வைத்திருந்தால் திண்மமாகவே 158 டிகிரியில் உருகும் வடிவத்துக்கு அது மாறுகிறது. மாறும்போது மூலக்கூறுகளும் கை மாற்றிக்கொள்வதால் பொடி முழுவதுமே ஒரு பக்கம் சாய்ந்து ஒளிச்சுழற்சி காட்டக்கூடும். 1970களில் பின்காக் குழுவினர் கண்டது இது. எந்தப் பக்கம் சாயும் என்பதில், பொடிக்குள் முன்பே ஒளிந்திருக்கும் விதைப் படிகத்துக்குப் பங்குண்டு. எனவே மாதிரியைக் கல்வத்தில் அரைத்தீர்களா, எத்தனை நாள் வைத்திருந்தீர்கள் என்பதையும் நாங்கள் கேட்கத்தான் வேண்டும்.

நம் கடலோர ஈரம் இன்னொரு தொல்லை. டி.எஸ்.சி. வரைபடத்தில் 100 டிகிரிக்குக் கீழே எழும் மேட்டைப் படிகநிலை மாற்றம் என்று எழுதிவிடுகிறோம். பல வேளை அது நீர் வெளியேறுவதுதான். டி.ஜி.ஏ. எடை இழப்பை உடன் வைக்காமல் அந்த முடிவை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. சூடேற்றி ஆறவைத்த பொடியின் எக்ஸ் கதிர் வரைபடமும் வேண்டும். பழைய வடிவத்துக்கே திரும்பியதா என்பதை அதுதான் சொல்லும்.

அடுத்த இதழ் முதல் வெப்பநிலை, ஈரப்பதம், சூடேற்றும் வேகம், மூடிய கிண்ணமா திறந்ததா என்ற விவரங்கள் இல்லாத கட்டுரைகளைத் திருப்பி அனுப்புவோம். வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி இல்லாத கல்லூரி ஆய்வகங்கள் தயங்க வேண்டாம். படிகத் தட்டின் அருகே ஒரு வெப்பமானியை வைத்து, காலையும் மாலையும் குறித்த ஏட்டின் நகல் போதும்.