கொசுறும் சந்தாவும்

கடவுச்சொற்களைக் காத்துவைக்கும் மென்பொருளுக்கு ஆண்டுதோறும் பணம் கட்டுவது தகுமா என்ற கேள்வி சென்ற வாரம் நண்பர்களிடையே எழுந்தது. கல்லூரி ஆசிரியர்களும் சிற்றிதழ்க்காரர்களுமாக ஆறேழு பேர் கூடியிருந்தோம். 'காசு கொடுத்து வாங்கிய பூட்டுத்தான் உறுதியானது' என்றது ஒரு தரப்பு. 'இருபது ஆண்டுகளாக நோட்டுப்புத்தகத்தில்தான் எழுதி வைத்திருக்கிறேன், என்ன கெட்டுப்போயிற்று?' என்றது மறு தரப்பு. இரண்டுமே பிழை என்பது நம் கருத்து. அன்று பேசி முடிக்க இயலாமற்போனதை இங்கே எழுதுகிறோம்.

விலையே தரத்தின் அளவுகோல் என்ற நம்பிக்கை நம் நடுத்தர வர்க்கத்தின் நாட்பட்ட நோய். பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் பொருத்திப் பார்த்துப் பழகிய அதே கோலை இங்கும் நீட்டுகிறோம். ஆனால் இம்மென்பொருள்கள் இயங்கும் விதத்தை அறிந்தவர் அவ்வாறு சொல்ல மாட்டார். நம் கடவுச்சொற்கள் நம் கணினியிலோ கைப்பேசியிலோ மறையாக்கம் செய்யப்பட்ட பின்னரே நிறுவனத்தின் வழங்கிக்குச் செல்கின்றன. அவற்றைத் திறக்கும் திறவுகோல், நாம் மனத்தில் வைத்திருக்கும் ஒரே ஒரு தலைமைக் கடவுச்சொல்லிலிருந்து உருவாகிறது. நிறுவனத்திடம் இருப்பது பூட்டிய பெட்டி மட்டுமே. அப்பெட்டியின் வலிமை மறையாக்க முறையையும் நம் தலைமைக் கடவுச்சொல்லையும் பொறுத்தது. நாம் சந்தா கட்டினோமா இல்லையா என்பது அந்தக் கணக்கில் வருவதேயில்லை.

ஐயமுள்ளவர்கள் லாஸ்ட்பாஸ் நிறுவனத்தின் கதையை நினைத்துப் பார்க்கலாம். 2022ஆம் ஆண்டு ஆகஸ்டில் அதன் கணினிகளுக்குள் ஊடுருவல் நிகழ்ந்தது. வாடிக்கையாளர்களின் பெட்டிகளே நகலெடுத்துச் செல்லப்பட்டன என்பது அவ்வாண்டு டிசம்பரில்தான் வெளிவந்தது. கடவுச்சொற்கள் மறையாக்கத்துக்குள் இருந்தன; யார் எந்தத் தளத்தில் கணக்கு வைத்திருக்கிறார் என்பதைக் காட்டும் முகவரிகளோ வெறுமையாகக் கிடந்தன. இன்னொன்றும் உண்டு. தலைமைக் கடவுச்சொல்லை ஊகித்துப் பார்ப்பவனைத் தாமதப்படுத்த, திறவுகோல் உருவாக்கும் கணக்கீட்டைப் பல்லாயிரம் முறை திரும்பச் செய்வது வழக்கம். புதிய கணக்குகளுக்கு அதை 100,100 முறையாக உயர்த்திய நிறுவனம், பழைய கணக்குகள் பலவற்றை 5,000 முறையிலோ அதற்கும் கீழேயோ விட்டுவைத்திருந்தது. நீண்டகாலம் நம்பியிருந்தவர்களே கூடுதல் ஆபத்தில் நின்றார்கள். சந்தா ரசீது எவரையும் காக்கவில்லை.

இனி நோட்டுப்புத்தகக் கட்சி. அதை நாம் ஏளனம் செய்யப் போவதில்லை. கடவுச்சொல்லைத் தாளில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளலாம் என்று 2005ஆம் ஆண்டிலேயே சொன்னவர் புரூஸ் ஷ்னையர் என்னும் பாதுகாப்பு வல்லுநர். தொலைதூரத்தில் இருக்கும் திருடன் நம் மேசை இழுப்பறையைத் திறக்க முடியாது. ஆனால் நோட்டுப்புத்தகத்துக்கு முகவரியைச் சரிபார்க்கத் தெரியாது. வங்கித் தளத்தைப்போலவே தோற்றம் காட்டும் போலித் தளத்தில் ஓரெழுத்து மாறியிருப்பதை நம் கண் தவறவிடும். மென்பொருள் முகவரி பொருந்தாவிட்டால் கடவுச்சொல்லை எடுத்து நிரப்பாது. மேலும், கையால் எழுதிக் கையால் தட்டச்சு செய்பவர் சோம்பலின் காரணமாக ஒரே சொல்லைப் பத்து இடங்களில் வைக்கிறார். எங்கோ ஒரு கடையின் தளம் களவுபோகும்போது அவருடைய மின்னஞ்சலும் வங்கிக் கணக்கும் சேர்ந்தே களவுபோகின்றன.

தமிழாசிரியர்களாகிய நமக்கே உரிய பிழை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 'எனக்கென்ன, ஒரு குறளை ஆங்கில எழுத்தில் அடித்துவிட்டால் யார் கண்டுபிடிப்பார்?' என்று மார்தட்டினார் ஒரு நண்பர். குறள்கள் 1,330. எழுத்துப்பெயர்ப்பில் உள்ள வேறுபாடுகள் அத்தனையையும் சேர்த்தாலும் கணினிக்கு அது ஒரு பொழுதின் வேலை. உலகறிந்த வரி என்பதாலேயே அது மறைபொருளாக இருக்கும் தகுதியை இழக்கிறது. பகடையை உருட்டிச் சொற்களைப் பொறுக்கும் முறையொன்றை 1995இல் ஆர்னால்டு ரைன்ஹோல்டு வகுத்தார். 7,776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து தற்செயலாக ஆறு சொற்களை எடுத்தால் போதும். அதற்குப் பொருள் இராது, அணி இராது. அதுவே அதன் பலம்.

அப்படியானால் எதற்குத்தான் பணம்? வசதிக்கு. ஒருமுறைக் குறியீடுகளைச் சேர்த்து வைத்தல், கோப்புகளை இணைத்தல், பலர் பகிர்ந்துகொள்ளுதல், நமக்கு ஏதேனும் நேர்ந்தால் நாம் குறித்த ஒருவர் பெட்டியைத் திறக்க வழிசெய்தல் போன்றவை. கடைசியாகச் சொன்னது சிறிய விஷயமன்று. நாமறிந்த சிற்றிதழாசிரியர் ஒருவர் திடீரென மறைந்தார். எழுத்தாளர்களோடு அவர் நடத்திய கடிதப் போக்குவரத்தும் அச்சேறாத படைப்புகளும் ஒரு மின்னஞ்சல் கணக்குக்குள் இருந்தன. மனைவிக்கோ மகளுக்கோ அதைத் திறக்கத் தெரியவில்லை. இன்றுவரை அது மூடியே கிடக்கிறது. ஆனால் இதற்கும் காசில்லாத மாற்று உண்டு. தலைமைக் கடவுச்சொல்லை ஓர் உறையில் இட்டு ஒட்டி, வீட்டுப் பத்திரங்களோடு பீரோவில் வைத்து, வீட்டாரிடம் சொல்லிவிட்டால் ஆயிற்று. அந்த ஆசிரியரின் வீட்டில் இல்லாதது சந்தா அன்று, அந்த உறை.

ஆகவே தனியொருவருக்கு இலவசமே போதும் என்பதுதான் நம் முடிவா? ஆம், ஆனால் எந்த இலவசம் என்று கேட்டாக வேண்டும். 2021 மார்ச்சில் லாஸ்ட்பாஸ், காசு கட்டாதவர்கள் கணினி, கைப்பேசி ஆகிய இரண்டில் ஒன்றில் மட்டுமே பயன்படுத்தலாம் என்று திடீரென வரம்பு கட்டியது. கடைக்காரர் தரும் கொசுறு அப்படித்தான். கொடுக்கிற கை எப்போது வேண்டுமானாலும் மடங்கும். உலாவியோடும் கைப்பேசியோடும் சேர்ந்து வரும் கடவுச்சொல் பெட்டகங்களும் தரமற்றவை அல்ல. ஆயினும் அவை நம்மை அந்தந்த வீட்டுக் குடிகளாக்கிக் கொள்கின்றன. டொமினிக் ரைக்கல் 2003இல் வெளியிட்ட கீபாஸ் வேறு வகை. அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், மாற்றலாம். அதன் வழியில் வந்த கீபாஸ்எக்ஸ்சி இன்று பலருடைய கணினிகளில் இயங்குகிறது. பெட்டி நம் கணினியிலேயே ஒரு கோப்பாக இருக்கும். அதை நகலெடுத்துக் காப்பது மட்டும் நம் பொறுப்பு. 2016இல் வந்த பிட்வார்டன், மூலநிரலைத் திறந்து வைத்திருப்பதோடு, எத்தனை கடவுச்சொல்லையும் எத்தனை கருவியிலும் கட்டணமின்றி வைத்துக்கொள்ள இடம் தருகிறது. இவை கொசுறு அல்ல, ஊர்ப்பொதுக் கிணறு போன்றவை.

கிணற்றுக்குத் தூர்வாருபவர் வேண்டும் என்பதைச் சிற்றிதழ் வாசகருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. ஒரே பிரதியைப் பத்துப் பேர் வாங்கிப் படித்து, இதழ் நின்றதும் 'ஐயோ, நல்ல இதழாயிற்றே' என்று அங்கலாய்த்தவர்கள்தாமே நாம்! அஞ்சிக் காசு கொடுக்க வேண்டாம் என்பதே நம் வாதம். 'கட்டாவிட்டால் களவுபோய்விடும்' என்று மிரட்டுகிறவனுக்கு ஒரு ரூபாயும் தராதீர்கள். முதலில் இலவசமானதை ஓராண்டு பயன்படுத்துங்கள், ஆறு சொற்களை மனப்பாடம் செய்யுங்கள், உறையைப் பீரோவில் வையுங்கள். இதழ் நடத்தும் நான்கு பேர் கணக்குகளைப் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தால் கட்டணச் சேவை அதன் விலைக்குத் தகும். தனியொருவராக இருந்தும் கையில் சில நூறு ரூபாய் மிஞ்சினால், திறந்த நிரலை எழுதிப் பராமரிக்கிறவர்களுக்கு நன்கொடையாகவோ சந்தாவாகவோ அனுப்புங்கள். வாங்க வழியில்லாதவரும் அதே பூட்டைப் பயன்படுத்த வேண்டும் என்பதற்காகக் கட்டும் சந்தா அது.